ஊருக்குள் ஒரு டெபியன் குழு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு மண்டபத்தில் கூடுகிறோம். பழைய கணினிகளில் டெபியன் என்ற திறந்த மூல இயங்குதளத்தைப் போடுகிறோம், அதில் தட்டுப்படும் கோளாறுகளை உரியவர்களுக்கு எழுதி அனுப்புகிறோம், தமிழாக்கத்தில் கைகொடுக்கிறோம். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பாகான் செராய், கோல கெட்டில், லாபிஸ் என்று மற்ற ஊர்க்காரர்களும் இப்போது வந்து பார்த்துவிட்டு, "எங்கள் ஊரிலும் தொடங்கலாமா?" என்று விசாரிக்கிறார்கள். கேட்பவர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

திறந்த மூல இயங்குதளம்னா காசு கொடுக்காத விண்டோஸ் மாதிரியா?

காசு கேட்காது என்பது உண்மைதான். அதைவிட முக்கியம், அதன் மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ்தான் இதன் கரு. அந்தக் கருவோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, சோதித்து, அப்படியே நிறுவும்படி கொடுப்பவை டெபியன், ஃபெடோரா, உபுண்டு போன்றவை.

டெபியனை 1993-இல் இயன் மர்டாக் தொடங்கினார். அதற்கு முதலாளி நிறுவனம் கிடையாது. உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள், ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பயனர்களுக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும்தான் முதலிடம் என்று 1997-இல் ஒரு சமூக ஒப்பந்தமும் எழுதி வைத்தார்கள். நாங்கள் டெபியனைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உபுண்டு டெபியனின் மேல் கட்டப்பட்டது. இங்கே ஒரு பிள்ளை கண்டுபிடித்த பிழை டெபியனில் திருத்தப்பட்டால், அது உபுண்டு வைத்திருப்பவர்களுக்கும் போய்ச் சேரும்.

எனக்கு புரோகிராமிங் வராது. நான் வந்து என்ன செய்யப் போறேன்?

பாதிப் பேர் வாசலிலேயே கேட்கும் கேள்வி இது. நிரல் எழுதாதவர்களும் முழு உறுப்பினராகலாம் என்று டெபியன் 2010-இல் வாக்கெடுப்பு நடத்தியே முடிவு செய்துவிட்டது. மொழிபெயர்ப்பவர், ஆவணம் எழுதுபவர், படம் வரைபவர், கூட்டம் நடத்துபவர் எல்லாரும் அதில் அடக்கம்.

ரப்பர் காலத்தில் பள்ளி இல்லாத நாட்களில் பிள்ளைகள் அம்மாவோடு போய், பால் வடியும் மங்கைத் துடைத்தார்கள். கத்தியைக் கையில் வாங்குவதற்கு வெகுநாள் முன்பே, எந்த மரம் எப்படிப் பால் விடும், மழை பெய்தால் என்ன ஆகும் என்றெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இங்கேயும் அப்படித்தான். முதல் வாரம் நிறுவிப் பாருங்கள். எங்கே புரியவில்லையோ அதைக் குறித்து வையுங்கள். புரியாத இடம் புதியவருக்குத்தான் தெரியும். பழகியவர் அதைத் தாண்டிப் போய்விட்டார், அவர் கண்ணில் இனி அது படாது. எங்களோடு ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நிரலில் ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் திரையில் வரும் தமிழில் ஒற்று மிகுந்த இடம், விட்ட இடம் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் தாளில் குறித்துக் கொடுப்பார். அவர் பார்க்காமல் எந்த மொழிபெயர்ப்பையும் நாங்கள் அனுப்புவதில்லை.

கணினிக்கு எங்கே போவது? வீட்டில் இருப்பது பழசு.

பழசுதான் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகள் வீடுகளிலும் கடைகளிலும் சும்மா கிடக்கின்றன. கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

64 பிட் செயலியா என்று மட்டும் முதலில் பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் பழைய 32 பிட் கணினிகளுக்கு நிறுவி (இயங்குதளத்தை நிறுவித் தரும் நிரல்) கிடையாது. மற்றபடி 4 ஜிபி நினைவகம் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய திரைச்சூழலைப் போட்டு நன்றாகவே ஓட்டலாம்.

எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. பிழை அறிக்கை எப்படி எழுதுவது?

நல்ல ஆங்கிலம் தேவையில்லை, மூன்று விஷயம் இருந்தால் போதும். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது. இதைத் துண்டுத் துண்டு வாக்கியத்தில் எழுதினாலும் அந்த மென்பொருளின் பராமரிப்பாளருக்குப் புரியும். டெபியனில் ரிப்போர்ட்பக் என்று ஒரு கருவி இருக்கிறது. எந்தப் பொதி (நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்பு) என்று சொன்னால், பதிப்பு எண் எல்லாம் அதுவே சேர்த்துக்கொள்ளும்.

படிவம் நான்கு படிக்கும் பையன் ஒருவன் முதல் தடவை எழுதியது இவ்வளவுதான்: "மவுஸ் கோளாறு." அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். எப்போது? "மூடித் திறந்தா." எல்லாத் தடவையுமா? அவனுக்கே தெரியவில்லை. சரி, எண்ணிப் பார்ப்போம் என்று மடிக்கணினியை ஐந்து தடவை மூடித் திறந்தோம். மூன்று தடவை தொடுபலகை வேலை செய்யவில்லை, இரண்டு தடவை செய்தது. அந்த இரண்டு தடவையும் மின்வடம் செருகியிருந்ததைக் கவனித்தது அவன்தான். மேலும் ஐந்து தடவை வடத்தோடும் ஐந்து தடவை வடமில்லாமலும் பார்த்து உறுதி செய்தான். முதலில் தமிழில் எழுதினான், பிறகு ஆறு வரி ஆங்கிலம். அந்த ஆறு வரியில் இலக்கணப் பிழை இருந்தது, தகவல் பிழை இல்லை. பராமரிப்பாளர் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டார்.

கேள்வி கேட்டா 'முதல்ல தேடிப் பாரு'னு விரட்டுறாங்க. நம்ம குழுவில் அது வராம எப்படிப் பார்ப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். வந்த முதல் நாள் ஒருவருக்கு என்ன பதில் கிடைக்கிறதோ, அதை வைத்துத்தான் அவர் இருப்பாரா போவாரா என்பது முடிவாகிறது. நான் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்டத்துக்கு என் முதல் திருத்தத்தை அனுப்பினேன். நான்கு வரி. மூன்று இரவு உட்கார்ந்து செய்தது. ஏழு மாதம் பதிலே இல்லை. பிறகு "வடிவம் தவறு" என்று இரண்டே சொல் வந்தது, மூடிவிட்டார்கள். எது தவறு என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. மறுபடி எதையாவது அனுப்ப இரண்டு ஆண்டு ஆனது. அந்த இரண்டு சொல்லை எழுதியவர் கெட்டவர் இல்லை, வேலைப் பளுவில் இருந்திருப்பார். ஆனால் அந்தப் பக்கம் ஓர் ஆள் மூன்று இரவு கண்விழித்து உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

அதனால் வரவேற்பை நல்ல மனசுக்கு விட்டுவிடாமல், பெயர் போட்டு ஒருவருக்கு வேலையாகக் கொடுத்துவிட்டோம். மண்டபச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வாரத்துக்கு ஒருவர் முறை. அந்த வாரம் புதிதாக வருகிறவர் எல்லாரும் அவர் பொறுப்பு. பெயர் கேட்பது, நாற்காலி இழுத்துப் போடுவது, என்ன கணினி, என்ன ஆசை என்று விசாரிப்பது, முதல் வேலையை முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பது. அந்த வாரம் அவருக்கு வேறு வேலை இல்லை.

இன்னொன்றும் கடைப்பிடிக்கிறோம். "இதுகூடத் தெரியாதா", "ரொம்ப ஈசி" என்ற இரண்டையும் சொல்வதில்லை. முதலாவது ஏன் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதும் அதே அளவு சுடும். ஈசி என்று சொன்ன பிறகு அது வராவிட்டால், தனக்கு மண்டை இல்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

அனுப்பியதற்கு எவ்வளவு நேரத்தில் பதில் சொல்லணும்?

நாங்கள் வைத்திருக்கும் கெடு இரண்டு நாள். இரண்டு நாளில் வேலையே முடிய வேண்டும் என்பதில்லை. "பார்த்தேன், நன்றி. சனிக்கிழமை உட்கார்ந்து படிக்கிறேன்" என்ற ஒரு வரி போதும். காத்திருப்பது யாருக்கும் கஷ்டமில்லை, யாராவது பார்த்தார்களா என்று தெரியாமல் காத்திருப்பதுதான் கஷ்டம்.

ஏற்க முடியாத திருத்தமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். எந்த வரி சரியாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதுசா வந்தவங்களுக்கு என்ன வேலை கொடுப்பது?

சின்ன வேலை, ஆனால் உண்மையான வேலை. பயிற்சிக்காகப் பொய்யாக ஒன்றை உருவாக்கிக் கொடுத்தால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். டெபியனின் பிழைப் பட்டியலில் புதியவர்களுக்கு ஏற்றவை என்று தனியாகவே ஒரு குறி இருக்கிறது. அதிலிருந்து தொடங்கலாம்.

இதில் மூத்தவர்களுக்குத்தான் கட்டுப்பாடு தேவை. ஐந்து நிமிடத்தில் முடிகிற பிழையைக் கண்டால் கை பரபரக்கும், நாமே முடித்துவிடலாம் என்று தோன்றும். முடிக்காதீர்கள். அந்த ஐந்து நிமிட வேலை ஒரு புதியவரின் முழுச் சனிக்கிழமை. எப்படித் திருத்தலாம் என்று குறிப்பு மட்டும் எழுதி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டு மூன்று வேலை முடித்த பிறகு, ஒரு பகுதியை அவர் பெயரிலேயே ஒப்படையுங்கள். தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனி நிரை இருந்தது. யார் நிரையில் எந்த மரம் நோஞ்சான் என்று அவரவருக்குத் தெரியும். அதுபோல எங்களிடம் ஒருவர் நிறுவியின் தமிழைப் பார்க்கிறார், ஒருவர் அச்சுப்பொறிகள், ஒருவர் ஒய்ஃபை. கேள்வி வந்தால் அவரிடம்தான் அனுப்புவோம், எனக்குப் பதில் தெரிந்திருந்தாலும்.

நடத்தை நெறி எல்லாம் எதுக்கு? எல்லாரும் தெரிஞ்சவங்கதானே?

தெரிந்தவர்கள் என்பதால்தான் தேவை. முகம் தெரியாதவர் தப்பாகப் பேசினால் எழுந்து போய்விடலாம். மாமா மகன் பேசினால் யாரிடம் சொல்வது? வீட்டில் சொன்னால் இரண்டு குடும்பத்துக்கும் சண்டை. எதைப் பேசக்கூடாது, பேசினால் என்ன நடக்கும், யாரிடம் சொல்லலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், குறை சொல்பவர் ஒரு தாளைச் சுட்டிக்காட்டுகிறார், அவ்வளவுதான்.

பெரிய திட்டங்களும் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டன. நீங்கள் யாராக இருந்தாலும் உங்களை வரவேற்கிறோம் என்று டெபியன் 2012-இல் அறிவித்தது, 2014-இல் வாக்கெடுப்பில் நடத்தை நெறியை ஏற்றது. லினக்ஸ் கருவின் குழுவில் கடுமையாகத் திட்டுவது பல ஆண்டு வழக்கமாகவே இருந்தது. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே தன் பேச்சுக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் விலகியிருந்தார். அதே சமயத்தில்தான் அந்தத் திட்டம் புதிய நடத்தை நெறியையும் ஏற்றது. 2014 முதல் புழக்கத்தில் இருக்கும் 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற பொது நெறியை ஒட்டியது அது. நீங்களும் புதிதாக எழுதத் தேவையில்லை, அதைத் தமிழில் போட்டு ஒட்டுங்கள்.

குறை கேட்க இரண்டு பேரை வையுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். இருவரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டாம்.

பொம்பளப் பிள்ளைகளை அனுப்பத் தயங்குறாங்க. என்ன செய்வது?

அம்மாக்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது, அதனால் அறிவுரை சொல்வதை விட்டு ஏற்பாட்டை மாற்றினோம். முன்பு இரவு எட்டு மணிக்குக் கூடினோம். இப்போது இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிக்கிறோம், வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் வீடு சேர்ந்துவிடலாம். பூட்டுப் போடக்கூடிய சுத்தமான கழிவறை இருக்கிற இடமாகப் பார்த்து மாறினோம். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளை ஒரே வேனில் சேர்த்து அழைத்து வருகிறோம், ஒரு அக்கா கூடவே வருகிறார். அம்மாக்கள் வந்து உட்காரப் பின்னால் நாற்காலி போட்டோம். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாதான் இப்போது நிறுவியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார், வன்தட்டை வகிர்வுகளாகப் பிரிக்கும் இடத்தில் பிள்ளைகளே அவரைக் கூப்பிடுகிறார்கள்.

முன்னுதாரணமும் இருக்கிறது. டெபியனில் பெண்களை அழைத்து வர 2004-இல் டெபியன் விமன் என்ற முயற்சி தொடங்கியது. க்னோம் என்ற திரைச்சூழல் திட்டத்தில் 2006-இல் பெண்களுக்கென நடந்த சிறிய முயற்சிதான் வளர்ந்து இன்று அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டமாக இருக்கிறது. 18 வயது நிறைந்தவர்கள் மூன்று மாதம் வீட்டிலிருந்தே ஒரு திட்டத்தில் வழிகாட்டியோடு வேலை செய்யலாம், உதவித்தொகை 7,000 அமெரிக்க டாலர். தேர்வுக்கு முன் உண்மையான பங்களிப்பு ஒன்றைக் காட்ட வேண்டும். இதை அப்பாக்களிடம் சொல்லுங்கள், காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

தமிழாக்கத்தில் ஒரு சொல்லுக்கு நாலு பேர் நாலு விதமா சொல்றாங்களே?

சொல்லத்தான் செய்வார்கள். இலங்கையில் பலர் கணனி என்பார்கள், நாம் கணினி என்போம். பதிவிறக்கமா தரவிறக்கமா என்பது இன்றுவரை ஓயவில்லை. வாட்ஸ்அப்பை நாம் புலனம் என்று சொல்வது மலேசியாவைத் தாண்டினால் பலருக்கு விளங்காது. இந்த மொழிபெயர்ப்பு எல்லா நாட்டுத் தமிழருக்கும் போகிறது என்பதை மனத்தில் வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

எங்கள் வழி இது. ஏற்கெனவே அந்தத் திட்டத்தின் சொற்பட்டியலில் என்ன இருக்கிறதோ அதையே எழுதுகிறோம், பிடிக்காவிட்டாலும். மாற்ற வேண்டும் என்றால் அதைத் தனியாக, எல்லா நாட்டவரும் இருக்கும் இடத்தில் பேசுகிறோம். புதியவர் கொண்டுவந்த கோப்பை வைத்துக்கொண்டு மூத்தவர்கள் சொல்லாராய்ச்சி செய்வது மட்டும் கூடாது. ஒரு தங்கை நாற்பது வரி மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார். நாங்கள் முதல் வரியில் இருந்த 'அமைப்புகள்' என்ற ஒரு சொல்லை முக்கால் மணி நேரம் விவாதித்தோம். மீதி முப்பத்தொன்பது வரியை யாரும் படிக்கவே இல்லை. அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவரைத் திரும்ப அழைத்து வர வீட்டுக்கே போக வேண்டியிருந்தது.

சொல்லைவிட வாக்கிய அமைப்பில் கவனம் வையுங்கள். மூல வரியில் சதவீதக் குறியோடு ஓர் எழுத்து வரும், கோப்பின் பெயரோ அடைவின் (கோப்புகளை வைக்கும் உறையின்) பெயரோ அங்கே வந்து உட்காரும். "இன்னதிலிருந்து இன்னதை நீக்க முடியவில்லை" என்று தமிழில் எழுதும்போது இரண்டு பெயர்களின் வரிசை ஆங்கிலத்துக்கு நேர் எதிராகிவிடும். இரண்டுக்கும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வரிசையை மாற்றி எழுதலாம். இது தெரியாமல் விட்டால், அடைவிலிருந்து கோப்பை நீக்குவதற்குப் பதில் கோப்பிலிருந்து அடைவை நீக்குவதாகத் திரை சொல்லும்.

மலாய்க்கார, சீனக் கூட்டாளிகளும் வர்றாங்க. எந்த மொழியில் பேசுவது?

யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்குப் புரியும் மொழியில். தமிழ்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் மலாய் தெரியும், மாறுவதில் சிரமமில்லை. சிரிப்பை மட்டும் தனி மொழியில் வைத்துக்கொள்ளாதீர்கள். புரியாத மொழியில் பக்கத்தில் நாலு பேர் சிரித்தால், தன்னைப் பற்றித்தான் என்று யாருக்கும் தோன்றும்.

உலகக் கூட்டம் எல்லாம் விடியக்காலை நடக்குதே, எப்படிக் கலந்துக்கிறது?

ஐரோப்பாவில் வசதி என்று அனைத்துலக நேரம் இரவு 8 மணிக்கு வைத்தால் நமக்கு மறுநாள் விடியற்காலை 4 மணி. வேலைக்குப் போகிறவரும் பள்ளிக்குப் போகிறவரும் உட்கார முடியாது. முடிவுகளை எழுதி வைக்கச் சொல்லியும், ஒரு கூட்டத்தை விட்டு ஒரு கூட்டத்தையாவது நேரம் மாற்றி வைக்கச் சொல்லியும் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்கிறார்கள். நம் குழுவுக்குள்ளும் இதே நியாயம்தான். சனிக்கிழமை ஓவர்டைம் பார்ப்பவர் இல்லாதபோது எடுத்த முடிவை எழுதி வையுங்கள், மறுக்க அவருக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

சான்றிதழ், டி-சட்டை கொடுத்தா நிறையப் பேர் வருவாங்களே?

வருவார்கள், சட்டைக்காக. 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில் திருத்தங்கள் அனுப்பினால் டி-சட்டை என்றார்கள். உலகம் முழுக்கப் பராமரிப்பாளர்கள் மேல் ஒரு சொல்லை மட்டும் மாற்றிய வெற்றுத் திருத்தங்கள் கொட்டின. அந்த மாதமே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும்தான் கணக்கு என்று ஆக்க வேண்டியதாயிற்று.

பணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மண்டப வாடகை, வேனுக்கு எண்ணெய், மைலோ, கறிபாப் எல்லாவற்றுக்கும் வெள்ளி வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், நம் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். நாங்களும் அப்படித்தான் சிறுகச் சேர்க்கிறோம், மாதக் கணக்கைச் சுவரில் ஒட்டுகிறோம். ஒருவரே முழுச் செலவையும் ஏற்க முன்வந்தபோது நன்றி சொல்லி ஒரு பங்கு மட்டும் வாங்கிக்கொண்டோம். முழுதும் வாங்கியிருந்தால் அடுத்த கூட்டத்தில் அவர் சொன்னதை யார் மறுத்திருப்பார்கள்?

சாட்ஜிபிடியை வைத்து எழுதி அனுப்பலாமா?

முதலில் அந்தந்தத் திட்டத்தின் விதியைப் பாருங்கள். இப்படி உருவாக்கிய நிரலை ஏற்பதில்லை என்று ஜென்டூ என்ற இயங்குதளம் 2024 ஏப்ரலிலும், முன் அனுமதி இல்லாமல் சேர்க்கக்கூடாது என்று நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளம் அடுத்த மாதமும் முடிவு செய்தன. எங்கள் குழுவின் விதி ஒன்றுதான்: அனுப்பும் ஒவ்வொரு வரியையும் உங்கள் வாயால் விளக்க முடிய வேண்டும். கற்றுக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள், தவறில்லை. புரியாததை அனுப்பினால் அதைப் படித்துச் சரிபார்க்கும் சுமை, சம்பளமில்லாமல் உழைக்கும் இன்னொருவர் தலையில் விழுகிறது.

எல்லாரையும் உள்ளே விட்டா திருடனும் வருவானே?

நியாயமான பயம். 2024 மார்ச் 29-இல் எக்ஸ்-இசட் என்ற சுருக்கக் கருவியில் கள்ளக் கதவு இருப்பது வெளியானது. அதை வைத்தவர் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல பங்களிப்பாளராகவே நடந்து நம்பிக்கை சம்பாதித்தவர். உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால் பிடிபட்டது. டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை வந்துவிட்டது, நிலையான பதிப்பைத் தொடவில்லை.

ஆனால் அந்தக் கதையை முழுதாகப் பாருங்கள். அந்தக் கருவியை ஒரே ஒருவர்தான் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார், உடலும் மனமும் களைத்துப் போயிருந்தார். புதுப் புதுப் பெயர்களில் வந்து "மெதுவாக இருக்கிறீர்கள், வேறொருவரிடம் கொடுங்கள்" என்று அவரை நெருக்கினார்கள். அவர் பக்கத்தில் நிற்க நாலு பேர் இருந்திருந்தால் திருடனுக்கு அந்த வாசல் அவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது. வரவேற்பைக் குறைப்பது இதற்கு மருந்தாகாது. ஆளைச் சேர்ப்பதும், அதிகாரத்தைப் படிப்படியாகக் கொடுப்பதும்தான் மருந்து.

டெபியனில் அப்படித்தான் இருக்கிறது. முதலில் உங்கள் பொதியை ஓர் உறுப்பினர் சரிபார்த்துப் பதிவேற்றுவார். பிறகு குறிப்பிட்ட பொதிகளுக்கு மட்டும் உரிமை. முழு உறுப்பினராக, ஏற்கெனவே இருப்பவர் பரிந்துரைக்க வேண்டும், நீங்கள்தான் என்று காட்டும் உங்கள் மின்னணுச் சாவியில் ஆளைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். எங்கள் குழுவிலும் நாற்காலி முதல் நாளே கிடைக்கும், கடவுச்சொல் மெதுவாகத்தான் கிடைக்கும். எந்தக் கடவுச்சொல்லும் ஒருவரிடம் மட்டும் இருக்காது.

வேலையில் கெட்டிக்காரர், ஆனால் வாய் சரியில்லை. வைத்திருப்பதா?

இதில் நான் நிறையத் தடுமாறியிருக்கிறேன். அவர் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரிகிறது, அவரால் வராமல் போனவர்கள் தெரிவதில்லை. அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்போம்.

முதலில் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "நீங்க கடுமையா பேசுறீங்க" என்பதோடு நிறுத்தாமல், எந்த நாள், எந்தச் சொல், அதற்குப் பிறகு யார் வருவதை நிறுத்தினார் என்று சொல்லுங்கள். பலருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது. எங்களிடம் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு அந்தப் பையனின் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். இன்னொருவர் மூன்று தடவை சொல்லியும் மாறவில்லை. அவரை வரவேண்டாம் என்று சொன்னோம், அச்சுப்பொறி வேலை நான்கு மாதம் அப்படியே கிடந்தது. ஐந்தாவது மாதம் இரண்டு பிள்ளைகள் அதைக் கையில் எடுத்தார்கள். இருவரும் அவர் இருந்தவரை பின் வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள்.

பிள்ளைகள் எஸ்.பி.எம். முடித்ததும் கே.எல்., சிங்கப்பூர்னு போயிடுறாங்க. அப்புறம் குழு எப்படி நிற்கும்?

போகத்தான் செய்வார்கள், போக வேண்டும். பிடித்து வைக்கப் பார்த்தால் சொல்லாமல் போவார்கள், அதுதான் நட்டம். டெபியனில் ஒரு பொதியை இனிப் பார்க்க முடியாதவர், கைவிடப்பட்டது என்று பட்டியலில் முறைப்படி அறிவிக்கலாம். உதவி தேவை என்றும் அறிவிக்கலாம். அதில் எந்தத் தலைகுனிவும் கிடையாது. அறிவித்தால்தான் அடுத்தவர் எடுக்க முடியும்.

எங்களிடம் போகிறவர் தன் நிரையைப் பற்றி ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பாதியில் நிற்பது எது, அந்தப் பக்கத்தில் யாரோடு பேசினோம், எங்கே அடிக்கடி இடறும். பிறகு எடுத்துக்கொள்பவரோடு இரண்டு சனிக்கிழமை சேர்ந்து உட்கார வேண்டும். தொடுபலகையை எண்ணி எண்ணித் திறந்து மூடிய அந்தப் பையன் இப்போது ஜொகூர் பாருவில் தங்கி தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். அவன் எழுதிய தாள் இரண்டு பக்கம். கடைசி வரியில் தன் தொலைபேசி எண்ணைப் போட்டு, "இரவு ஒன்பதுக்கு மேல் கூப்பிடலாம், எந்தக் கேள்வியும் கேட்கலாம்" என்று எழுதியிருக்கிறான். அந்தத் தாளை இப்போது வைத்திருப்பது படிவம் இரண்டில் படிக்கும் ஒரு பிள்ளை. போன வாரம் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.